கர்னலுக்கு ஒரு போர்க்கதை

கண்ணாடிக்கடையில் கண் சோதிக்கும்போது கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்தில் ஆரம்பித்து அடியில் எறும்பு எழுத்துவரை படித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே தடுமாறுகிறோமோ அங்கே நம் கண்ணின் வயது தெரிந்துவிடும். பொதுவாக அந்த அட்டைகளில் இருப்பதுபோல் உப்புச்சப்பில்லாத எழுத்து வேறெங்கும் கிடைக்காது. சூரியன் உதிக்கும், பறவைகள் பறக்கும், அவ்வளவுதான். எழுதியவர் பாதித் தூக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

நம் கண்ணாடிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கடை திறந்த புதிதில் தானே ஓர் அட்டை எழுதி அச்சடித்தார். "மூன்றாவது படைப்பிரிவு சனிக் கிரகத்தின் வளையத்துக்குள் நுழைந்தபோது தளபதியின் கப்பலில் எரிபொருள் இல்லை" என்று கொட்டை எழுத்தில் ஆரம்பிக்கும். வரிக்கு வரி எழுத்து சிறுக்கும், நிலைமை மோசமாகும். கடைசி வரியில், செத்துப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த சமையல்காரன் வானொலியில் பேசுவான். என்ன பேசினான் என்பதற்குள் அட்டை முடிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் படித்துவிட்டு "தெரியுதுங்க" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் "அப்புறம்?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களைக் கண்ணாடிக்காரர் விடவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தலையில் கட்டிவிடுவார். எல்லாம் விண்வெளிப் போர் நாவல்கள். எங்கிருந்தோ மொழிபெயர்த்து, மட்டமான காகிதத்தில் அடித்து வந்தவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு விண்கலம் தீப்பிடித்து எரியும். உள்ளே தேடினால் ஒரு கலமும் எரிந்திருக்காது.

அட்டையைப் படித்து மாட்டிக்கொண்டவர்களில் முதல் ஆள் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த தையற்காரர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தார். கடைசி வரிவரை படித்தார். "அவன் சாகலன்னா இவ்வளவு நாள் எங்கடா இருந்தான்?" என்று, முன்பின் தெரியாத கண்ணாடிக்காரரை 'டா' போட்டுக் கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். அவர் பள்ளிக்கூடச் சீருடையும் காவலாளிகளின் சீருடையும் தைப்பவர். ஒரு தடவை காவலாளி உடுப்பின் தோள்பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தானே போட்டுக்கொண்டு தெருவில் டீ குடிக்கப் போனார். அன்றிலிருந்து கர்னல். பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிட்டாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்த நர்ஸ் வந்தார். எல்லோருக்கும் சிஸ்டர். நெடுந்தூரப் பேருந்து ஓட்டிய ஒருவர் வந்தார், மற்றவர்களைவிட வயதில் சின்னவர். அவருக்குப் பைலட் என்று பெயர் வைக்க யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்காருவார்கள். தூரப் பார்வை சோதிக்கச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகைக்குக் கீழே கர்னல், சோதனை நாற்காலியில் சிஸ்டர், தரையில் பைலட்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. புத்தகத்தைப் பரிந்துரைப்பவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தலைப்பை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாத் தலைப்பிலும் 'நட்சத்திரம்' இருந்ததால் குழப்பம். அதனால் புத்தகங்களுக்கும் பட்டப்பெயர்தான். அடுக்கடுக்காக உரிக்கிற கிரகம் வந்த நாவல் 'வெங்காயம்'. படைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் கப்பலைப் பற்றியது 'பொட்டலம்'. ஐந்நூறு பக்கமும் தளபதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்த ஒன்றுக்கு 'கல்யாணப் பேச்சு'.

ஆளுக்கு ஒரு தராசு. காயம்பட்டவனை யார் தூக்குகிறார்கள் என்று சிஸ்டர் பார்ப்பார். "குண்டு பட்டுச்சு, செத்தான்னு ஒரே வரியில எழுதறான். அவ்வளவு சுலபமா யாரும் சாக மாட்டாங்க" என்று ஒரு புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். கப்பலைத் திருப்பும் இடம் வந்தால் பைலட்டுக்கு மூக்கின் மேல் கோபம். "அண்ணே, மூணு மைல் நீளத்துக்கு வண்டி. கண்ணாடியப் பாக்காம அப்படியே ஒடிக்கறானாம். இவன் சைக்கிள்கூட ஓட்டியிருக்க மாட்டான்" என்பார். கண்ணாடிக்காரருக்குச் சண்டைக் காட்சிகளே அவ்வளவாகப் பிடிக்காது. சண்டைக்கு முந்தின நாள் பிடிக்கும். சிப்பாய்கள் பூட்ஸ் துடைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கும் அத்தியாயங்களைத் தேடித் தேடிப் படிப்பார்.

அவர் மனைவி கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து டீ கொண்டுவருவார். "என்ன, பூமி தப்பிச்சுதா? இல்ல, பாத்திரம் கழுவாம விட்டுடட்டுமா?" என்று கேட்பார். ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் வெங்காயத்தில் யார் துரோகி என்பது அவருக்கு அத்துப்படி.

எவ்வளவு நல்ல காலம் அது. அப்போது அது நல்ல காலம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. பைலட் வீடு மாற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனார். சிஸ்டருக்கு முட்டிவலி, மகள் பிரசவம், பேரன் படிப்பு. ஒரு வாரம் வரவில்லை, மறு வாரம் வரவில்லை, பிறகு வராததை யாரும் கேட்பதில்லை. கர்னல் மட்டும் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் கூட்டமாகாது. கண்ணாடிக்காரர் புத்தகம் கொடுப்பார், கர்னல் வாங்கிக்கொண்டு போவார், பரிந்துரை என்று எழுந்து நிற்பதெல்லாம் நின்றுபோனது.

வருடத்துக்கு ஒரு தடவை கர்னலுக்குக் கண் சோதனை நடக்கும். நண்பன் என்பதால் கண்ணாடிக்காரர் கண்ணும் கருத்துமாகச் செய்வார். கர்னல் தூரத்துப் பலகையைக் கடைசி வரிவரை சொல்வார். கை அட்டையை மூன்றாவது படைப்பிரிவு தொடங்கிச் சமையல்காரன்வரை தங்குதடையின்றிப் படிப்பார். "உனக்கு என்னடா, கழுகுக் கண்ணு" என்று கண்ணாடிக்காரர் தட்டிக்கொடுத்து அனுப்புவார்.

ஒரு நாள் லென்ஸ் கம்பெனிக்காரன் புது அட்டை ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனான். வழவழவென்று இருந்தது. கர்னல் சோதனைக்கு வந்தபோது மேசைமேல் கைக்கு வந்ததைக் கண்ணாடிக்காரர் எடுத்து நீட்டினார். அது புது அட்டை. அதில், ஒரு குடும்பம் பூங்காவுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது.

கர்னல் அதை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மூன்றாவது படைப்பிரிவு சனிக் கிரகத்தின் வளையத்துக்குள் நுழைந்தபோது" என்று கணீரென்று படித்தார்.

கண்ணாடிக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எட்டி அட்டையைப் பார்த்தார். கர்னல் நிறுத்தாமல் எரிபொருள், எதிரிக் கப்பல், சமையல்காரன்வரை வந்து, அட்டையைக் கீழே வைத்து, "சரியா?" என்றார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

கர்னல் மேசைமேலிருந்த அட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "அட்டையை மாத்திட்டியா?" என்றார்.

"ஆமா."

"சொல்ல வேணாமாடா." குரலில் கோபம்கூட இல்லை. "வலது கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. இடதுல நடுவுல ஒரு கறை. நேராத் தச்ச தையல் பாம்பு மாதிரி தெரியுது. மெஷினைத் தம்பி பையனுக்குக் குடுத்தேனே, முதுகுவலின்னு சொன்னேனே, அது முதுகுவலி இல்ல."

"பலகைய எப்படிச் சொன்னே?"

"எத்தனை ஞாயித்துக்கிழமை அதுக்கு அடியில உக்காந்திருக்கேன். அதுகூடவா மனப்பாடம் ஆகாது?"

அன்று சாயங்காலமே கண்ணாடிக்காரர் அவரைப் பெரிய கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் சொன்னது எளிமையாகவே இருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது. போன பார்வை வராது, ஊசி போட்டு மிச்சத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். ஓரப் பார்வை இருக்கும், தெருவில் நடக்கலாம், ஆள் நிழல் தெரியும். எழுத்து தெரியாது. முன்னமே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "ஏன்டா எங்கிட்ட மறைச்சே?" என்றார்.

"தெரிஞ்சா நீ புத்தகம் குடுக்க மாட்டே" என்றார் கர்னல். "பூதக்கண்ணாடிய வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, ஒரு நாளைக்கு நாலு பக்கம் ஓடுது. இன்னும் ஒரு புத்தகத்துக்குத் தாங்கும்னு நெனைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. எதுன்னு நீ சொல்லு."

கண்ணாடிக்காரர் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகம் சொல்லியிருக்கிறார். சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறொன்று கொடுக்கலாம். இதற்கு அடுத்த வாரம் கிடையாது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க ஒருத்தரே இதச் சுமக்காதீங்க. அவங்களையும் கூப்பிடுங்க" என்றார்.

கூப்பிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பைலட் இரண்டு பேருந்து மாறி வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. சிஸ்டர் கைத்தடியோடு வந்து பழைய சோதனை நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பைலட் தரையில் உட்காரப் பார்த்து, முடியாமல், ஸ்டூல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கர்னல் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, "செத்த வீட்டுக்கு வந்த மாதிரி உக்காராதீங்கப்பா. ஆரம்பிங்க" என்றார்.

பைலட் எழுந்தார். "அண்ணே, கண்ண மூடிக்கிட்டு நான் சொல்றத எடுங்க. ஒரு கப்பல், நாப்பது பேரு, வீடு திரும்பணும். வழி பூரா எதிரி. நானே வண்டிய ஓட்டற மாதிரி இருந்துச்சு. ஒரு எடத்துலயும் பொய்யாத் திருப்பல."

"கண்ண மூடிக்கிட்டு எப்படிப்பா எடுக்கறது?" என்றார் கர்னல். பைலட்டுக்கு முகம் செத்துவிட்டது. கர்னல்தான் முதலில் சிரித்தார்.

சிஸ்டர் எழவில்லை, முட்டி இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே, போர்க்கள ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றைப் பற்றிய நாவலைச் சொன்னார். அதில் இரண்டு பக்கத்துக் காயக்காரர்களும் ஒரே அறையில் கிடப்பார்கள். "எனக்கு டியூட்டியில அழக்கூடாதுன்னு பழக்கம். அந்தப் புத்தகத்துக்கு அழுதேன், கர்னல்."

"ஃபோன்ல எழுத்தப் பெருசாக்கிப் படிக்கலாமே அண்ணே, நிறைய நாள் தாங்குமே" என்றார் பைலட்.

"பாத்தேன். ஒரு நேரத்துல ஒரு வார்த்தைதான் தெரியுது. ரயில் பெட்டி எண்ணற மாதிரி இருக்கு."

"நாங்க யாராவது படிச்சுக் காட்டினா?"

"யாராவது படிச்சா எனக்குத் தூக்கம் வந்துடும். அது பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற வியாதி."

பிறகு எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். கையில் ஒரு மெல்லிய புத்தகம். ஒரு வாரமாக இழுப்பறைகளைத் தலைகீழாகக் கொட்டித் தேர்ந்தெடுத்தது. கர்னல் படிக்காதது, எழுத்து பெரியது, பக்கம் குறைவு. போர் முடிந்துவிட்டது, அது தெரியாமல் எங்கோ ஒரு கோளில் செய்தி நிலையத்தைக் காவல் காக்கும் ஒரு சிப்பாய். பதினோரு வருடம், தனக்கு மாற்று ஆள் வருவான் என்று காத்திருக்கிறான். சண்டை வருவதற்கு முந்தின நாளே புத்தகம் முழுக்க நீண்டதுபோல் இருக்கும்.

இதையெல்லாம் அழகாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் எழுந்தார். ஆனால் "நல்ல புத்தகம்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு மோசமான பரிந்துரை அந்தக் கடையில் நடந்ததே இல்லை. கர்னல் கையை நீட்டி அதைத்தான் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கண்ணாடிக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. வாடிக்கையாளர்களுக்கு இடது லென்ஸை வலதில் மாட்டினார். கர்னல் கடைப்பக்கம் வரவில்லை, படிக்கிற வெளிச்சத்தை நடந்து வீணாக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்தப் பக்கத்தில் இருப்பான், ஆகாயம் பச்சையாக மாறும் இடம் வந்திருக்குமா, கடைசி அத்தியாயம்வரை கண் தாங்குமா என்று கண்ணாடிக்காரர் மனசுக்குள் கூடவே படித்துக்கொண்டு போனார். மழை மூட்டம் போட்ட நாட்களில் வானத்தைத் திட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை கர்னல் வீட்டிலிருந்து தகவல் வந்தது, படித்து முடித்தாயிற்று என்று. ஞாயிற்றுக்கிழமை பைலட்டும் சிஸ்டரும் சொல்லாமலே வந்துவிட்டார்கள். கர்னல் தம்பி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"முடிச்சுட்டியா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"முடிச்சுட்டேன். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ரெண்டு நாளாச்சு. இனிமே ஒண்ணும் தெரியல."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்லடா" என்றார் கர்னல்.

கண்ணாடிக்காரர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார். கர்னல் விளக்கமாகவே சொன்னார். "பதினோரு வருஷம் ஒரே உடுப்பு. ஒரு பட்டன் அறுந்து விழல, முழங்கை கிழியல. தனியா இருக்கறவன் ஊசி நூல் எடுக்காம இருப்பானா? ஆகாயத்தப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா எழுதறான். மாத்து ஆளு வர்றதுக்குள்ள எனக்கே நரைச்சுடும்போல இருந்துச்சு."

பைலட் ஸ்டூலில் நெளிந்தார். சிஸ்டர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"மன்னிச்சுடுடா" என்றார். "மிச்சமிருந்த கண்ண நான் வீணாக்கிட்டேன். இவங்க சொன்னத எடுத்திருக்கலாம் நீ."

"என்னடா வீணு?" கர்னலுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ குடுத்த புத்தகத்துல பாதிக்கு மேல எனக்குப் பிடிச்சதில்ல. இத்தனை வருஷமா தெரியாதா உனக்கு? பிடிச்ச புத்தகமா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? மூடி வச்சுட்டு, இனிமே இப்படி ஒண்ணு கிடையாதேன்னு ஜன்னல் பக்கத்துலயே உக்காந்து அழுதிருப்பேன். இது பிடிக்கல. ரெண்டாவது அத்தியாயத்துலேர்ந்து உன்கூட சண்டை போட்டுக்கிட்டே படிச்சேன். எப்படா ஞாயித்துக்கிழமை வரும்னு இருந்துச்சு. அந்த மாதிரி இருந்து எத்தனை வருஷமாச்சு."

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நீ ஒழுங்காவே சொல்லல" என்றார் கர்னல். "நல்ல புத்தகம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டே. அப்படியா சொல்றது? இப்ப எழுந்து நின்னு சொல்லு. எனக்கு ஏன் பிடிக்கணும்னு சொல்லு. நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா சொல்லு."

கண்ணாடிக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கர்னல் அவரை நேராகப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித் திருப்பினால்தான் எதிரில் நிற்கிற ஆள் அவருக்குத் தெரியும்.

"போர் முடிஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். "அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது."